எல்லையில் ஒரு ஸ்டேஷன் வந்தால் ஓசூரும் அத்திப்பள்ளியும் சேர்ந்து திட்டம் போட முடியுமா?

ஓசூரில் வீடு, பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை என்று தினமும் எல்லையைத் தாண்டும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். மெட்ரோ ஒரு நாள் ஓசூர் வரை வருமென்றால், எல்லையோரம் வரக்கூடிய ஸ்டேஷனைச் சுற்றி ஓசூரும் அத்திப்பள்ளியும் சேர்ந்து திட்டம் போட முடியுமா, ஓசூர் தமிழ்நாடு, அத்திப்பள்ளி கர்நாடகம் என்று இரண்டும் வேறு வேறு மாநிலமாயிற்றே, சட்டம் விடுமா என்பது முதல் கேள்வி. எல்லையை ஒட்டி ஓசூர்ப் பக்கம் இருக்கும் ஜூஜூவாடியில் மனை விற்பவர்கள் "ஸ்டேஷன் இங்கேதான்" என்கிறார்களே, நம்பலாமா என்பது இரண்டாவது. ஊரமைப்பு சார்ந்த வேலையில் முப்பது வருஷம் ஓட்டியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் கேள்விக்குப் பதில்: முடியும், சட்டம் தடுக்காது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அப்படிச் சேர்ந்து திட்டமிடுவது யாருடைய வேலை என்று எந்தச் சட்டத்திலும், எந்த அரசாணையிலும், எந்த அலுவலகத்தின் கடமைப் பட்டியலிலும் எழுதவில்லை. மாநகராட்சி ஆணையர் எல்லையோடு நின்றுகொள்வார், அந்தப் பக்கத்து அதிகாரியும் அப்படியே. இருவரும் தங்கள் வேலையை ஒழுங்காகவே செய்திருப்பார்கள். நடுவில் உள்ள இடம் மட்டும் கெட்டுப்போயிருக்கும்.

நிலவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பெங்களூர் மெட்ரோவின் மஞ்சள் பாதை 2025 ஆகஸ்ட் 10 அன்று திறக்கப்பட்டது. ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை 19 கி.மீ. சொச்சம், 16 நிலையங்கள். பொம்மசந்திராவிலிருந்து சந்தாபுரா, அத்திப்பள்ளி வழியாக ஓசூருக்கு நீட்டுவது பற்றிச் சென்னை மெட்ரோ நிறுவனம் சாத்தியக்கூறு ஆய்வு நடத்தியது. 20 கி.மீ.க்கு மேல் நீளும் அந்தப் பாதையில் பாதிக்கு மேல் கர்நாடக மண்ணில் வருகிறது. ஒப்புதல் எதுவும் கைக்கு வரவில்லை. ஆக, நாம் பேசிக்கொண்டிருப்பது இன்னும் இல்லாத ஒரு ஸ்டேஷனைப் பற்றி. ஆனால் சேர்ந்து திட்டமிட இதுதான் சரியான சமயம். தூண் எழும்பிய பிறகு நிலத்தின் விலை மட்டும்தான் பேசும், வேறு யார் பேச்சும் எடுபடாது.

ஸ்டேஷனைச் சுற்றித் திட்டமிடுவது என்றால் என்ன என்று கொஞ்சம் பார்ப்போம். 2017-இல் மத்திய அரசு ஒரு மெட்ரோ ரயில் கொள்கையையும், நிலையங்களைச் சுற்றிய வளர்ச்சிக்கென்று தனியாக ஒரு தேசியக் கொள்கையையும் வெளியிட்டது. பத்து நிமிஷத்தில் நடந்து சேரக்கூடிய 500 முதல் 800 மீட்டர் வரையிலான வட்டத்துக்குள் வீடு, கடை, அலுவலகம் எல்லாம் நெருக்கமாக வர வேண்டும், நடைபாதை நன்றாக இருக்க வேண்டும், பேருந்தும் ஆட்டோவும் வாசலிலேயே கிடைக்க வேண்டும் என்பது அதன் சாரம். 800 மீட்டர் வட்டம் என்றால் ஏறக்குறைய 200 ஹெக்டேர், நம் கணக்கில் 500 ஏக்கர். அத்திப்பள்ளிக்கும் ஜூஜூவாடிக்கும் நடுவில் ஒரு ஸ்டேஷனை வைத்துக் காம்பஸால் வட்டம் போட்டுப் பாருங்கள். மாநில எல்லை அந்த 500 ஏக்கரைத் தோசையைப் பிட்டது மாதிரிக் கோணல்மாணலாகப் பிரிக்கும். ஒரு பாதிக்கு 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். மறு பாதிக்கு 1961-ஆம் ஆண்டின் கர்நாடகச் சட்டம். இந்தப் பக்கம் 2019-இல் மாநகராட்சியான ஓசூர், அதற்கு மேல் நகர்ப்புற வளர்ச்சிக் குழுமம். அந்தப் பக்கம் அத்திப்பள்ளி புரசபை (நம் ஊர் நகராட்சி மாதிரி), ஆனேக்கல் திட்டக் குழுமம், அதற்கும் மேலே பெங்களூர் பெருநகர மண்டலக் குழுமம்.

பல வருஷங்களுக்கு முன்னால் நடந்த ஒன்று இன்றும் மறக்கவில்லை. எல்லையோரக் கிராமம் ஒன்றின் வரைபடத்தை மேசையில் விரித்து வைத்திருந்தோம். அந்தப் பக்கத்திலிருந்து வந்த நண்பர் ஒருவர் தன் கன்னட வரைபடத்தை எடுத்தார். விளையாட்டாக இரண்டையும் ஒட்ட வைத்துப் பார்த்தோம். அளவுகோலே வேறு, அதனால் ஒன்றைப் பெரிதாக்கி ஜெராக்ஸ் எடுத்து வந்து மறுபடி வைத்தோம். நம் தாளில் 60 அடி என்று போட்டிருந்த திட்டச் சாலை எல்லைக் கோட்டைத் தொட்டதும் அவர்கள் பக்கம் யாரோ ஒருவரின் ரோஜாத் தோட்டத்தில் முட்டி நின்றது. அவர்கள் தாளில் வந்த சாலை நம் பக்கம் ஏரிக்குப் போகும் வாய்க்காலில் இறங்கியது. வேடிக்கை என்னவென்றால் இரண்டு தாளிலும் எல்லைக்கு அப்பால் ஒன்றுமே வரையவில்லை, வெறும் வெள்ளை. அந்தப் பக்கம் மனிதர்களே இல்லாதது போல. நண்பர் சிரித்துக்கொண்டே, "உங்க தாள்ல நாங்க இல்ல சார், எங்க தாள்ல நீங்க இல்ல" என்றார்.

சேர்ந்து திட்டமிடுவதன் முதல் படி அந்த வெள்ளையை நிரப்புவதுதான். இரு பக்கத்துச் சர்வே எண்களும், ஏரிகளும், வாய்க்கால்களும், திட்டச் சாலைகளும் ஒரே தாளில், ஒரே அளவுகோலில், இரண்டு மொழியிலும். இதற்குப் பெரிய பணம் வேண்டாம், சட்டத் திருத்தம் வேண்டாம். இரண்டு சர்வேயர்களும் ஒரு கணினியும் போதும். ஆனாலும் இதைக்கூடச் செய்யாமல் நேராக "உயர்மட்டக் குழு" என்று ஆரம்பிப்பதுதான் நம் பழக்கம்.

அடுத்து சட்டம். இந்தியாவில் மாநில எல்லையைத் தாண்டித் திட்டமிட்டதற்கு டெல்லிதான் பெரிய உதாரணம். 1985-இல் தேசியத் தலைநகர் மண்டலத் திட்ட வாரியச் சட்டம் வந்தது. நில விவகாரம் மாநிலப் பட்டியலில் இருப்பதால், அரசியல் சாசனத்தின் 252-ஆவது பிரிவின்படி அரியானா, உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் சட்டமன்றங்கள் தீர்மானம் போட்டுக் கேட்டுக்கொண்ட பிறகே நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தை இயற்ற முடிந்தது. அப்புறம் 2013-இல் டெல்லி–மீரட் விரைவு ரயில் போன்ற பாதைகளுக்காக ஒரு கூட்டு நிறுவனம் தொடங்கினார்கள். மத்திய அரசுக்கு 50 சதவீதப் பங்கு, டெல்லியையும் சேர்த்து நான்கு மாநிலங்களுக்கும் தலா 12.5. இதையெல்லாம் சொன்னால், "அது தலைநகரம், நமக்கு யார் செய்வார்கள்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஓசூருக்கும் அத்திப்பள்ளிக்கும் நாடாளுமன்றச் சட்டம் தேவையே இல்லை. இரு அரசுகளும் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டு, அந்த 500 ஏக்கருக்கு ஒரே விரிவான வளர்ச்சித் திட்டத்தைத் தயாரித்து, அதன் இந்தப் பாதியைத் தமிழ்நாடும் அந்தப் பாதியைக் கர்நாடகமும் தத்தம் சட்டப்படி அறிவிக்கை செய்தால் போதும். கையெழுத்து இரண்டு, வரைபடம் ஒன்று.

மாநிலங்களுக்கு நடுவில் ஒரு பொதுக் கை இருந்தால் வேலை நடக்கும் என்பதற்கு நம் கண்ணெதிரேயே சாட்சி உண்டு. பெங்களூரைச் சுற்றி வரும் சாட்டிலைட் டவுன் ரிங் ரோடு ஓசூர்ப் பக்கம் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து மறுபடி கர்நாடகத்துக்குள் போகிறது. அதற்கு யாரும் எல்லைத் தகராறு பண்ணவில்லை. தேசிய நெடுஞ்சாலை ஆணையம் என்று ஒரே ஒரு நிறுவனம் இரண்டு பக்கமும் வேலை செய்வதுதான் காரணம். ஸ்டேஷன் வட்டத்துக்கு அப்படி ஒரு கை இல்லை, நாமாகத்தான் உண்டாக்க வேண்டும்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்றே ஒன்று சொல்கிறேன், நம் ஆட்கள் நிறையப் பேர் போய் வரும் இடம் என்பதால். மலேசியாவின் ஜொகூர் பாருவில் இருந்து சிங்கப்பூருக்கு உட்லண்ட்ஸ் பாலத்தில் காலையில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள் அல்லது கேட்டிருப்பீர்கள். நம் ஓசூர்ச் சாலை நெரிசலுக்கு அண்ணன் அது. அங்கே புக்கிட் சாகர், உட்லண்ட்ஸ் நார்த் என்ற இரு நிலையங்களை இணைத்து 4 கி.மீ. நீளத்தில் ஒரு ரயில் பாதை போடுகிறார்கள். மணிக்கு ஒரு திசையில் 10,000 பேர் போகலாம் என்பது கணக்கு. 2018-இல் ஒப்பந்தம் ஆனது, 2019-இல் நிறுத்தி வைத்தார்கள், 2020-இல் மாற்றங்களோடு புதுப்பித்தார்கள். முக்கியமான மாற்றம் எது தெரியுமா? முதலில் சிங்கப்பூரின் மெட்ரோ ரயில் வகையையே எல்லை தாண்டியும் ஓட்டுவதாக இருந்தது. பிறகு அதை விட்டுவிட்டு, தனியாக ஓர் இலகு ரயில், உட்லண்ட்ஸ் நார்த்தில் இறங்கி மாறிக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தார்கள். ரயில் பணிமனையை ஜொகூர்ப் பக்கம் வைத்தார்கள். ஓட்டுவதற்கு இரு நாட்டு நிறுவனங்களும் சேர்ந்த ஒரு கூட்டு நிறுவனம். இரண்டு நாடுகள், இரண்டு நாணயம், பாஸ்போர்ட் சோதனை. இத்தனையையும் சமாளித்திருக்கிறார்கள். நமக்கு நடுவில் இருப்பது ஒரு சுங்கச்சாவடிதான்.

இதை நீட்டிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஓசூர் மெட்ரோவில் இப்போது பெரிதாகப் பேசப்படும் தடை மின்சாரம். சென்னை மெட்ரோ 25,000 வோல்ட் மாறு மின்னோட்டத்தை மேலே செல்லும் கம்பியிலிருந்து எடுக்கிறது. பெங்களூர் மெட்ரோ 750 வோல்ட் நேர் மின்னோட்டத்தைத் தண்டவாளத்தை ஒட்டிய மூன்றாம் தண்டிலிருந்து எடுக்கிறது. ஆய்வு செய்த சென்னை நிறுவனம் தன் வழக்கப்படி 25,000 வோல்ட்டைச் சொல்ல, பெங்களூர் நிறுவனம் இரண்டும் ஒட்டாது என்றது. இரண்டு பேர் சொல்வதும் தொழில்நுட்ப ரீதியில் சரிதான். ஆனால் இது திட்டத்தையே கைவிடும் அளவுக்குப் பெரிய காரணமாக எனக்குப் படவில்லை. ஒன்று, பொம்மசந்திராவில் ஒரே நடைமேடையின் இரு பக்கமும் ரயில் நிற்கும்படி செய்து பயணிகளை மாறச் சொல்லலாம், ஜொகூர் வழி அது. இல்லையென்றால் பெங்களூர் முறையையே ஓசூர் வரை நீட்டி, நம் பகுதிக்கான செலவை நாம் கொடுக்கலாம். டெல்லி மெட்ரோ 2009-இல் நொய்டாவுக்கும் 2010-இல் குர்கானுக்கும் போனபோது அதே ரயில்தான் எல்லையைத் தாண்டியது. நான் இரண்டாவதையே சொல்வேன். ஷிஃப்ட் முடித்து வருகிறவன் பையைத் தூக்கிக்கொண்டு நடுவழியில் இறங்கி ஏறுவதை விரும்ப மாட்டான், பஸ்ஸிலேயே தூங்கிக்கொண்டு போகலாம் என்று இருந்துவிடுவான்.

சரி, பணத்துக்கு வருவோம். சேர்ந்து திட்டமிடும் பேச்சு எங்கே உடையும் என்று கேட்டால், இங்கேதான். "ஓசூருக்கு மெட்ரோ போனால் நம் கம்பெனிகள் அங்கே போய்விடும்" என்று அந்தப் பக்கம் எதிர்ப்புக் குரல் எழுந்தது. அதை வெறும் மொழி வெறி என்று ஒதுக்கிவிடக் கூடாது, உள்ளே ஒரு வரிக் கணக்கு இருக்கிறது. வட்டத்தின் நம் பாதியில் ஓர் அலுவலகக் கட்டடம் வந்தால் சொத்து வரி ஓசூர் மாநகராட்சிக்கு. அங்கே வேலை செய்பவர்களின் தொழில் வரியும் தமிழ்நாட்டில் உள்ளாட்சிக்கே, ஆறு மாதத்துக்கு ஒரு முறை. அதே கட்டடம் நூறு மீட்டர் தள்ளி அந்தப் பக்கம் எழுந்தால் சொத்து வரி அத்திப்பள்ளிக்குப் போகும், ஆனால் தொழில் வரியைக் கர்நாடகத்தில் மாநில அரசே வாங்கிக்கொள்ளும். ஆக, அலுவலகங்களை இழுப்பதில் ஓசூருக்கு அத்திப்பள்ளியை விட ஆசை அதிகம் இருக்கும். இரு பக்கமும் கடைகளும் அலுவலகங்களும் கேட்பார்கள். குடியிருப்பையும் பள்ளிக்கூடத்தையும் மற்றவர் தலையில் கட்டப் பார்ப்பார்கள்.

அமெரிக்காவில் மினியாபொலிஸ், செயின்ட் பால் என்ற இரட்டை நகரங்கள் இருக்கும் வட்டாரத்தில் இதற்கு 1971-லேயே ஒரு சட்டம் போட்டார்கள். வணிக, தொழில் கட்டடங்களால் கூடுகிற வரி மதிப்பில் 40 சதவீதத்தை ஒரு பொதுப் பானையில் போட்டு, வட்டாரத்து ஊர்கள் எல்லாம் ஒரு விதிப்படி பகிர்ந்துகொள்ளும். அடுத்த ஊரில் மால் வந்தாலும் நமக்குக் கொஞ்சம் வரும் என்றால் அடித்துக்கொள்ளத் தோன்றாது. நம் அரசியலில் இரு மாநிலங்களுக்கு நடுவே அப்படியே செய்வது கஷ்டம், ஒத்துக்கொள்கிறேன். அதன் சின்ன வடிவம் ஒன்று சாத்தியம்: வட்டத்துக்குள் வாங்கும் மேம்பாட்டுக் கட்டணத்தை ஒரு தனிக் கணக்கில் போட்டு, அந்த வட்டத்தின் நடைபாதைக்கும் கழிவுநீருக்கும் மட்டும் செலவழிப்பது.

கழிவுநீரைச் சும்மா சொல்லவில்லை. நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை பெங்களூரின் சாக்கடையையும் வாங்கிக்கொண்டுதான் கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. மதகு திறந்த நாளில் வெள்ளை நுரை பொங்கிப் பாலத்தை மூடுவதை ஓசூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஸ்டேஷனைச் சுற்றி அந்தப் பக்கம் இருபது மாடி எழும்பினால் அதன் தண்ணீர் எங்கே போகும்? மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான். கட்டட அனுமதியை அவர்கள் கொடுப்பார்கள், நாற்றத்தை நாம் வாங்குவோம். கூட்டுத் திட்டம் என்று ஒன்று வந்தால் அதில் முதல் பக்கத்தில் இருக்க வேண்டியது கட்டடங்களின் அழகான படம் இல்லை, இரு பக்கத்துக்கும் பொதுவான சுத்திகரிப்பு நிலையத்தின் இடம்.

உயரக் கணக்கிலும் இப்படி ஒரு பொருத்தமின்மை உண்டு. தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் உயர்மாடி அல்லாத கட்டடத்துக்கு எஃப்.எஸ்.ஐ. (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு) 2, உயர்மாடிக்கு 3.25 என்று அடிப்படை வைத்திருக்கிறார்கள். கர்நாடகத்தில் அதையே எஃப்.ஏ.ஆர். என்பார்கள், சாலையின் அகலத்தைப் பார்த்து ஏறி இறங்கும். எந்தப் பக்கம் அதிகம் கட்டலாமோ அந்தப் பக்கம் பில்டர் போவார். ஸ்டேஷன் வாசல் இந்தப் பக்கம் திறக்க, கட்டடமெல்லாம் அந்தப் பக்கம் குவிந்தால் நடுவில் நெடுஞ்சாலையைத் தாண்டுகிறவர்கள் பாடு திண்டாட்டம்.

இன்னொரு சங்கதி, ஆட்டோ. ஓசூர் பர்மிட் வண்டி எல்லையில் நின்றுவிடும், அந்தப் பக்கத்து வண்டி இந்தப் பக்கம் வராது. பெங்களூர் மாநகரப் பேருந்துகளில் பலவும் அத்திப்பள்ளியோடு திரும்பிவிடுகின்றன. ராத்திரி பதினோரு மணிக்கு அத்திப்பள்ளியில் இறங்கி, செல்போன் வெளிச்சத்தில் சாலையோரம் நடந்து வரும் பையன்களைப் பாருங்கள், முதுகில் லேப்டாப் பை, கையில் கழற்றின ஐடி கார்டு. பல கோடியில் ஸ்டேஷன் கட்டிவிட்டு, இறங்கினவனை இப்படி நடக்க விட்டால் என்ன பிரயோஜனம்? ஸ்டேஷனைச் சுற்றி ஐந்து கி.மீ.க்கு இரு மாநில ஆட்டோவும் போய் வரலாம் என்று இரு போக்குவரத்துத் துறைகளும் ஒரு பரஸ்பர உத்தரவு போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். மெட்ரோ வரும்வரை காத்திருக்கக்கூட வேண்டாம், நாளைக்கே செய்யலாம்.

வாடகை பற்றி யாரும் பேசுவதில்லை, நான் பேசிவிடுகிறேன். சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் பிள்ளைகள் ஓர் அறைக்கு நாலைந்து பேர் என்று லைன் வீடுகளில் இருக்கிறார்கள். ஸ்டேஷன் வந்தால் முதலில் இடிபடப்போவது அந்த லைன் வீடுகள்தான். கூடுதல் எஃப்.எஸ்.ஐ. வாங்குகிற பில்டர் அதில் ஒரு பங்கைச் சின்ன வீடுகளாகவும் விடுதிகளாகவும் கட்டித் தர வேண்டும் என்று இரு பக்கமும் ஒரே நிபந்தனை போட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் போட்டால் பில்டர் அடுத்த பக்கம் தாவிவிடுவார், அவ்வளவுதான்.

ஒரே மாநிலத்துக்குள் இருந்தால் எல்லாம் சுலபமாக நடந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். மொரப்பூரைப் பாருங்கள். சென்னை–கோவை முக்கிய ரயில் பாதையில் இருக்கும் அந்தச் சின்ன ஊர்தான் தருமபுரிக்கும் அரூருக்கும் சென்னை ரயிலைப் பிடிக்கும் இடம். இரண்டு ஊருக்குப் பொதுவான ஸ்டேஷன், ஒரே மாவட்டம், ஒரே ஆட்சியர். ரயில்வே கணக்கில் மட்டும் மொரப்பூர் தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டம், தருமபுரி ஸ்டேஷனோ தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூர் கோட்டம், ஓசூரும் அப்படியே. 1906-லேயே மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குக் குறுகிய ரயில் பாதை இருந்தது, பிறகு ஓசூர் வரை நீட்டினார்கள், இரண்டாம் உலகப்போர் சமயத்தில் மூடிவிட்டார்கள். கிருஷ்ணகிரிக்கும் திருப்பத்தூரிலிருந்து ஒரு பாதை இருந்தது, அதுவும் அப்போதே போயிற்று. இன்று வரை கிருஷ்ணகிரி நகரத்தில், மாவட்டத் தலைநகராகி இருபது வருஷம் தாண்டியும், தண்டவாளமே இல்லை. இருக்கிற ஸ்டேஷனைச் சுற்றி இரண்டு ஊர் உட்கார்ந்து பேசுவதை நாம் மொரப்பூரில் பழகியிருந்தால் அத்திப்பள்ளிக்குப் போகும்போது கையில் ஓர் அனுபவமாவது இருந்திருக்கும்.

இனி மனை விஷயம். தம்பி, ஸ்டேஷன் இங்கேதான் என்று அடித்துச் சொல்கிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த அரசாணை, என்ன தேதி? பதில் வராது. நிலையங்களின் இடம் விரிவான திட்ட அறிக்கையில் ஒரு மாதிரி இருக்கும், ஒப்புதலின்போது நகரும், மண் பரிசோதனைக்குப் பிறகு இன்னும் நகரும். ஸ்டேஷன் பக்கத்திலேயே அமைந்தாலும்கூட உங்கள் மனையின் ஒரு மூலை வழித்தட விரிவாக்கத்தில் போகலாம். வீடு கட்டிக் குடியிருக்க வேண்டுமென்றால் இன்றைய விலை, இன்றைய தண்ணீர், இன்றைய பஸ் மூன்றும் ஒத்துவருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். நகர் ஊரமைப்பு இயக்ககம் தரும் டி.டி.சி.பி. அப்ரூவல் எண்ணைச் சரிபாருங்கள். மனைப்பிரிவில் பூங்கா என்று காட்டியிருக்கும் இடம் ஏரி வாய்க்காலாக இல்லாமல் இருக்கிறதா என்று நடந்தே போய்ப் பாருங்கள்.

கடைசியாக, உங்களால் ஆகக்கூடிய வேலை ஒன்று. ஓசூருக்கான முழுமைத் திட்டத்தின் வரைவு மக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது ஆட்சேபணை, ஆலோசனை கொடுக்க அவகாசம் இருக்கும். அப்போது போய் ஜூஜூவாடித் தாளைக் காட்டச் சொல்லுங்கள். எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியின் சாலைகளும் வாய்க்கால்களும் வரைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். வெள்ளையாக இருந்தால் அந்த வெள்ளையையே ஆட்சேபணையாக எழுதி, சர்வே எண்களைக் குறிப்பிட்டுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் ஆபீஸில் ஆனேக்கல் பக்கத்துக்காரர் யாராவது இருப்பார். அவரையும் அவர்கள் ஊர்த் திட்டக் குழுமத்தில் இதே கேள்வியைக் கன்னடத்தில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.